ஒரு செய்திக்கு எவ்வளவு?

மோகனூர் சாலையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் நாலு மணிக்கு முட்டை போண்டா போடுவார்கள். அக்கா மகளை அங்கேதான் வரச் சொல்லியிருந்தேன். பெங்களூரில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நாமக்கல்லுக்கே திரும்பிவிட்டாள். இனி இங்கேயே தனியாகத் தொழில் செய்வதென்று முடிவு. பதினான்கு வருஷம் நாளிதழ் நிருபராக இருந்துவிட்டு, பதினோரு வருஷமாக இதே தொழிலைத் தனியாளாகச் செய்துவருகிறவன் நான். அதனால் யோசனை கேட்க வந்திருந்தாள்.

உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அனுப்பிய வாட்ஸ்அப். "ரிசல்ட் நேரம் வருது. மாநிலத்தில் முதலிடம்னு நம்ம ஸ்கூல் பேரு பேப்பர்ல வரணும். ஒரு செய்திக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"எவ்வளவு சொல்லட்டுங்க மாமா?"

"டீ சொல்லு கண்ணு, பேசலாம்" என்றேன். இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரையும் முதலில் தடுக்கி விழவைப்பது இந்தக் கேள்விதான். நானும் விழுந்திருக்கிறேன். முதல் வருஷம் ஒரு துணிக்கடைக்குச் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசித்தான் வேலை செய்தேன்.

பேப்பரில் இரண்டு விதமான இடம் இருக்கிறது. ஒன்று விளம்பரம். சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. காசு கட்டினால் நாம் சொன்ன நாளில் சொன்ன வாசகம் வரும். இன்னொன்று செய்தி. அந்த இடம் விற்பனைக்கு இல்லை. நிருபர் எழுதி அனுப்பியதை டேபிளில் இருக்கும் உதவி ஆசிரியர் படித்துப் பார்த்து, வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு அவருடையது என்பதால்தான் வாசகர் அதை நம்புகிறார்.

நம் ஊர் லாரி புக்கிங் ஆபீஸை அவளுக்கு நினைவூட்டினேன். புக்கிங் ஆபீஸ்காரர் எந்த வண்டி காலியாக நிற்கிறது, எந்த ஊருக்கு லோடு இருக்கிறது, எந்த டிரைவரை நம்பி அனுப்பலாம் என்று தெரிந்துவைத்திருக்கிறார். அந்த விவரத்துக்கும் அலைச்சலுக்கும் கமிஷன் வாங்குகிறார். ஆனால் வாசலில் நிற்கிற அடுத்தவர் லாரியையே விலை பேசி அட்வான்ஸ் வாங்கினால் என்ன ஆகும்? செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை சொல்வதும் அதுதான். நமக்குச் சொந்தமில்லாத சரக்கை விற்கிறோம்.

அதன் விளைவு உடனே தெரியும். நாம் அனுப்பிய அன்று சேலம் சாலையில் பெரிய விபத்து நடக்கும், அல்லது முதலமைச்சர் சுற்றுப்பயணம் வரும். நம் செய்தி நின்றுபோகும். பத்து நாள் வேலைக்கு ஒரு பைசா வராது. அடுத்த முறை எப்படியாவது வரவைக்க வேண்டுமே என்று நிருபரிடம் கெஞ்சத் தொடங்குவோம். கெஞ்சல் சில மாதத்தில் கவராக மாறும். காசு வாங்கிக்கொண்டு போடும் செய்திகளைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-ல் தனியாக அறிக்கையே வெளியிடும் அளவுக்கு அந்த நோய் நாடு முழுக்கப் பரவியிருந்தது. கவர் கொடுத்துப் பழக்கிய பிறகு அதே நிருபர் நம் வாடிக்கையாளருக்கு எதிராக ஒரு செய்தி வைத்திருந்தால், அதையும் காசுப் பேச்சாகத்தான் நம்மிடம் கொண்டுவருவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

"அப்ப நாம எதைத்தாங்க மாமா விக்கறோம்?"

நம் நேரத்தை, யோசனையை, நம் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை. எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்ற நாலும்தான் நம் சரக்கு. வாடிக்கையாளரின் தொழிலில் ஊருக்குப் பயன்படும் விவரம் எது என்று தேடி எடுப்பது அதில் பாதி. தேடி எடுத்ததைப் பிழையில்லாமல் கொடுப்பது மீதி. பெயருக்கு முன்னால் இனிஷியல், படத்தில் நிற்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார், நிகழ்ச்சி நடந்த நாள், மேற்கொண்டு கேட்டால் பேச ஒரு ஆளின் செல் நம்பர். இவ்வளவும் சரியாக இருக்கும் பிரஸ் நோட்டை எந்த டேபிளும் தூக்கிப்போடத் தயங்கும். இருட்டிய பிறகு அனுப்பினால் எவ்வளவு சரியாக இருந்தாலும் மறுநாள் பதிப்புக்கு உதவாது. நிருபராக இருந்த காலத்தில் நான் தூக்கிப்போட்டவற்றில் பெரும்பாலும் அடைமொழி மட்டும்தான் இருக்கும், விவரம் இருக்காது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் சொல்வேன். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை செய்தவர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர்தான். அடிப்படையில் புகைப்படக்காரர். எம்.ஜி.ஆரின் நிறுவனத்திலிருந்து படத்தின் ஸ்டில்களை வாங்கி, தானே பத்திரிகை அலுவலகங்களில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தொடங்கிய வேலை அது. அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு வேலை செய்தார்.

அவருடைய பெருமை என்று நான் நினைப்பது படங்களின் எண்ணிக்கையை அல்ல. எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் இயக்கியது, யார் நடித்தது என்று பல பத்தாண்டுகள் விடாமல் குறித்துவைத்தார். ஸ்டில்களைச் சேர்த்துவைத்தார். சினிமா பற்றி எழுதும் யாருக்காவது ஒரு வருஷத்தில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சேர்த்ததைத் தமிழக அரசே வாங்கியது. 2004-ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெரிய நூலாகவும் வந்தது. 2016 மார்ச்சில் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் அவரைத் தகவல் களஞ்சியம் என்று எழுதின. தயாரிப்பாளரிடம் சம்பளம் வாங்கிய ஒருவரைப் பத்திரிகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். அவர் கொடுத்த தேதி தப்பாக இருக்காது.

"நீ நாமக்கல்லுக்கு அப்படி ஆகணும் கண்ணு. முட்டை, லாரி, போர்வெல் ரிக் வண்டி, பள்ளிக்கூடம், விசைத்தறி. இதுல எதைப் பத்தி நிருபருக்குச் சந்தேகம் வந்தாலும் உன் ஞாபகம் வரணும். உன் கிளையன்ட் பேரே அந்தச் செய்தியில இல்லைன்னாலும் சரியான ஆளோட நம்பரைத் தேடிக் கொடு. அதுக்கு பில் போடாதே."

மறைக்காமல் சரியான விவரம் கொடுக்கும் இந்தப் பழக்கம் வெளிநாட்டில் ஒரு விபத்திலிருந்துதான் வேர் பிடித்தது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை ரயில் கம்பெனிகள் இப்படி நடந்தால் வாயை மூடிக்கொள்ளும். பென்சில்வேனியா ரயில் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, தெரிந்த விவரத்தை எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். நாங்கள் ரகசியமாக வேலை செய்வதில்லை, கேட்டால் விவரம் சரிபார்க்க உதவுவோம் என்று அதே ஆண்டு ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட்டார். அதே ஐவி லீ கடைசிக் காலத்தில் ஹிட்லர் ஆட்சியின்கீழ் இருந்த ஒரு ஜெர்மன் ரசாயன நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போய், 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளானார். அந்த ஆண்டே இறந்தும் போனார். இருபத்தெட்டு வருஷம் சேர்த்த பெயரின்மேல் ஒரு வாடிக்கையாளரால் கறை விழுந்துவிட்டது.

போண்டா வந்தது. அவள் பிட்டுப் பார்த்து, "முட்டையப் பத்தி சொல்லுங்க மாமா" என்றாள். நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் எழ முடியாது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. நவாப்பூர் நம் ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் பயத்துக்குத் தூரம் தெரியாது. ஜனங்கள் முட்டையை நிறுத்தினார்கள். கோழியை நிறுத்த முடியுமா? ஒரு லட்சம் முட்டைக் கோழி இருக்கும் பண்ணையில் தினமும் எண்பதாயிரம் முட்டைக்கு மேல் வரும். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் அடுக்கினால் 2,600 அட்டைக்கு மேல். மில்லை நிறுத்தலாம், லாரியை ஓரங்கட்டலாம். கோழி மட்டும் தீனியும் கேட்கும், முட்டையும் இடும். அதனால்தான் மற்ற ஊரில் ஒரு செய்தியாக இருப்பது இந்த ஊரில் வயிற்றுப்பாடாகிவிடுகிறது.

அப்போது நான் நிருபர். பண்ணைகளுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கும். முதலாளியின் போன் அணைந்திருக்கும். பூட்டிய கேட்டைப் படம் எடுத்து, உள்ளே என்ன நடக்கிறதோ என்ற தொனியில் நானே எழுதினேன். பிறகுதான் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். வெளி ஆளின் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் கிருமி உள்ளே வந்துவிடும். அதனால் நோய் இல்லாத நாளிலும் நல்ல பண்ணை யாரையும் உள்ளே விடாது. அந்தப் பூட்டு பாதுகாப்புக்கான பூட்டு. அதை வாசலில் நின்று சொல்ல ஒரு ஆள் இல்லாததால், நானும் என்னைப் போன்றவர்களும் அதை மறைப்பதற்கான பூட்டாக எழுதினோம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் கேட்டும் ஒரு காரணம்.

2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற புரளி கிளம்பியது. என் வாடிக்கையாளரான ஒரு பண்ணைக்காரர், வதந்தி பரப்பினால் வழக்குப் போடுவோம் என்று அறிக்கை எழுதச் சொன்னார். மிரட்டினால் புரளிக்கு இன்னும் கால் முளைக்கும் என்று சொல்லி, அவருடைய கால்நடை மருத்துவரைப் பேசவைத்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நிருபர்களை நிறுத்தி, ஏன் உள்ளே விடுவதில்லை என்று முதலில் சொன்னோம். ஷெட்டுக்குள் எடுத்த வீடியோவை நாங்களே கொடுத்தோம். கோழிக்கும் கொரோனாவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை சொன்னதை இணைத்தோம். எங்கள் முட்டையால் யாருக்கும் எதுவும் வராது என்று எழுதச் சொல்லி அவர் மன்றாடினார். எழுதவில்லை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். நன்றாக வேகவைத்தால் கிருமி அழியும், 70 டிகிரி வெப்பம் போதும் என்ற அளவுக்கு மேல் ஒரு சொல் போகவில்லை.

அதனால் விலை ஏறிவிட்டதா என்று கேட்டாள். ஏறவில்லை. எல்லோருக்கும் விழுந்ததுபோல் அவருக்கும் விழுந்தது. ஒரு பண்ணைக்காரர் பேசியதால் சந்தை திரும்பாது. அதற்காகத்தான் பண்ணைக்காரர்கள் 1982-ல் பி.வி. ராவ் முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். தங்கள் முட்டைக்குத் தாங்களே விலை சொல்லவும், முட்டை சாப்பிடச் சொல்லி ஊரெங்கும் விளம்பரம் செய்யவும் அந்தச் சேர்க்கைதான் வழி செய்தது. ஆனால் 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழா, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நிருபர்கள் தாமாகவே என் பண்ணைக்காரருக்குப் போன் செய்து நாமக்கல்லில் என்ன முன்னெச்சரிக்கை என்று கேட்டார்கள். நான் பிரஸ் நோட்டே அனுப்பவில்லை. பத்து மாதம் முன்பு செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் பலன் வந்தது. செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இதை எந்த பில்லில் எழுதுவது?

பேசாமல் இருக்கச் சொன்னதற்கும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, மாநிலமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் அன்று ராத்திரி அழைத்தார். மூடாமல் விட்டது நிலத்துக்காரர் பொறுப்பு, ரிக்காரர்கள்மேல் பழி போடக் கூடாது என்று உடனே அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் குழந்தை உள்ளே இருக்கும்போது பழியைப் பற்றிப் பேசுகிற எவரையும் ஜனங்கள் மன்னிக்க மாட்டார்கள். பொறுங்கள் என்றேன். எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் வராத போர்வெல்லுக்கு அவரே செலவில்லாமல் மூடி போட்டுக் கொடுப்பது என்று தொடங்கினார். அதற்கும் நான் நிருபர்களைக் கூப்பிடவில்லை. ஊர்க்காரர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"சரிங்க மாமா. அப்ப எவ்வளவுதான் வாங்கறது?"

டீக்கடை பில்லுக்குப் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். உன் வீட்டுச் செலவு மாதம் 60,000 என்று வை. போன், பெட்ரோல், சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போய்வர, ஆடிட்டருக்கு 15,000. வேலை இல்லாத மாதத்துக்காக ஒதுக்க 15,000. ஆக 90,000. மாதத்தில் இருபத்தைந்து நாள் உழைப்பாய். ஆனால் புதுவேலை தேட, பில் போட, பாக்கி கேட்டு அலைய, படிக்க என்று பாதி நாள் போய்விடும். காசாகிற நாள் பன்னிரண்டுதான். ஒரு நாளுக்கு 7,500. ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் மூன்று நாள் வேலை என்றால் 22,500. அப்படி நாலு பேர் இருந்தால் வண்டி ஓடும். ஒரே ஆளிடமிருந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் ஜாக்கிரதையாக இரு. அவருக்கு முடியாது என்று சொல்ல வேண்டிய நாளில் உன் நாக்கு எழாது.

மாதக் கட்டணம் என்றே பேச வேண்டும். கஷ்டகாலம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு வருவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுப்பதும் அதில் அடக்கம். கடிதத்தில் மூன்று விஷயம் எழுது. மாதம் எத்தனை நாள் வேலை, என்னென்ன செய்வாய். செய்தி வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பொய் என்று தெரிந்ததை வெளியிட மாட்டாய், ஒரு மாத நோட்டீஸில் இருவரும் விலகலாம்.

பணம் வந்துசேர்வதுதான் பெரும்பாடு. இந்தப் பக்கம் எல்லாமே முறைமைக்காரர்கள், சொந்தக்காரர்கள். அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கோ கண்ணு என்பார்கள். அதில் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் உன் வீட்டு வாடகை அடுத்த மாசம் வரை நிற்காது. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைக் கையோடு செய்துவிடு, இணையத்தில் இலவசம். 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், இல்லாவிட்டால் 15 நாளில். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. அப்படி உரிய காலத்தில் தராத தொகையை, கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2023-24 நிதியாண்டிலிருந்து வந்துவிட்டது. மார்ச் மாதம் உனக்காக அவருடைய ஆடிட்டரே போன் செய்வார். பில்லில் உத்யம் நம்பரை அச்சடித்தால் போதும், சண்டை தேவையில்லை.

22,500-க்கு பில் போட்டால் கையில் 20,250 வரலாம். 10 சதவீத வரிப் பிடித்தம் அது, போன பணமில்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் 18 சதவீதம் தனியாகப் போட வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடு.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொரு டீ சொன்னேன். அவள் மறுபடியும் அந்த வாட்ஸ்அப்பை எடுத்துப் பார்த்தாள்.

"மாநிலத்தில் முதலிடம்னு இப்ப யாருங்க மாமா சொல்றாங்க? அரசாங்கமே ரேங்க் அறிவிக்கறத நிறுத்திருச்சே."

2017-லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் ரேங்க் என்றாலே நாமக்கல் பள்ளிகள்தான் என்று இருந்தது. விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அந்த நினைப்பு இன்னும் இங்கே போகவில்லை. தாளாளர் பொய் சொல்ல நினைப்பவராகக்கூட இருக்க மாட்டார். பழைய வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் அதை நீ எழுதிக் கொடுத்தால் டேபிளில் இருப்பவருக்கு உன் பெயர் அன்றைக்கே பதிந்துபோகும், தப்பான விதத்தில்.

அவள் டைப் செய்யவில்லை. நேராகப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளாகவே போட்டாள்.

"வணக்கங்க சார். செய்திக்கு இவ்வளவுன்னு நான் வாங்கறதில்லீங்க. மாசக் கட்டணம்தானுங்க. அப்பறம், மாநில முதலிடம்னு போட முடியாதுங்க. ரேங்க்கே இல்லீங்களே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப எங்க ஸ்கூலப் பத்தி எதைத்தான்மா எழுதுவீங்க?"

"ஒண்ணு கேக்கட்டுங்களா? நானூறுக்குக் கம்மியா எடுத்து, மத்த ஸ்கூல்ல சீட் கிடைக்காம உங்க கிட்ட பிளஸ் ஒன் சேந்த பசங்க எத்தன பேருங்க? அவங்க இப்ப பிளஸ் டூவுல எப்படிங்க எழுதியிருக்காங்க?"

"அதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே. ஆபீஸ்ல எடுத்துப் பாக்கச் சொல்றேன்."

"பாருங்க சார். நாளைக்கு நானே வர்றேனுங்க."

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கட்டணம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. 22,500 என்று எழுதியிருந்த பில்லை அவள் பக்கம் தள்ளினேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.